பதினேழாம் பை

பிப்ரவரி 3

வரைபடக்காரருக்கு,

போனில் கூப்பிடாதீர்கள் என்று சொன்னவள் நான். அதனால் முதல் கடிதத்தையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. காலிப் பெட்டிகளோடு கேம்ப்புக்குத் திரும்பும் வண்டியில் டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடுவதில்லை. எழுத்தைப் படித்தால் ஓரளவு ஓடும் என்று நினைக்கிறேன்.

மே மாதப் பெட்டியைத் திறந்துவிட்டேன். ஏழு மாதம் அது கல் அறை மூலையில் கிடந்தது. என் கண்ணில் படக்கூடாதென்று கல் கழுவும் அக்கா அதன்மேல் ஒரு பழைய திரைச்சீலையைப் போட்டு வைத்திருந்தார். டைரக்டர் இரண்டு முறை ஜாடையாகக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கட்டும் என்று காத்திருக்க மனமில்லாமல் டிசம்பரில் நானே திறந்தேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை. கல்லை உடைத்தது, அரைத்தது, கழுவியது, மைக்ரோஸ்கோப்பின் கீழ் ஊசி வைத்து, வயதைச் சொல்லும் ஸிர்கான் மணிகளைப் பொறுக்கியது எல்லாம் நான்தான்.

பதினாறு பைகளில் குறையில்லை. பதினேழாவதில்தான் தொல்லை. உங்கள் குறிப்பின்படி அது சாம்பல் நிற வரிப்பாறை. சிவப்புப் பாறை நரம்பு ஒன்று அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நரம்பின் வயது ஐம்பத்தைந்து கோடி ஆண்டு, பதினாறாம் பையில் சந்தேகமில்லாமல் வந்திருக்கிறது. வெட்டுப்பட்ட பாறை வெட்டிய நரம்பைவிட மூத்தது என்பது நம் தொழிலில் முதல் வகுப்புப் பாடம். வரிப்பாறையிலிருந்து நாற்பத்தாறு மணிகளை லேசரில் பார்த்தேன். முப்பத்தைந்து மணிகளுக்கு இருநூற்றைம்பது கோடி. நீங்கள் எதிர்பார்த்த கணக்கு. மீதிப் பதினொன்றுக்கு எட்டு கோடி.

ஐம்பத்தைந்து கோடிக்கு முன்பே இறுகிவிட்ட பாறைக்குள் எட்டு கோடி வயதுப் படிகம் எப்படிப் போய் உட்காரும்? புதிய பாறை உருகும்போது பழைய மணியை விழுங்கியிருக்கலாம், அது நடக்கும். பழைய பாறைக்குள் புதிய மணி வராது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது. உங்கள் பக்கம் கலந்ததா, என் பக்கமா என்பது தெரிய வேண்டும்.

இன்னொன்று. பதினாறு பைகளிலும் உங்கள் முடிச்சு, கத்தி வைத்துத்தான் அறுக்க முடிந்தது. பதினேழில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி இரண்டு காது வைத்த முடிச்சு. நுனியை இழுத்ததும் அவிழ்ந்தது. அதைக் கட்டியது யார் என்று எழுதவும்.

ஆய்வுக்கூடம், இரண்டாம் மாடி

-----

பிப்ரவரி 11

நீதிபதி அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. போகட்டும், நானே சொல்கிறேன். இருக்கிறேன். இடது முட்டி மட்டும் மலை ஏறும்போது தனிக்கட்சி நடத்துகிறது. கூடாரத்தில் எறும்பு. சமையல்காரர் ஒரே குழம்பைப் பெயர் மாற்றி மாற்றிப் போடுகிறார், நாங்களும் அதைக் கண்டுகொள்ளாமல் சாப்பிடுகிறோம்.

அந்தப் பெட்டியைத் தனியாகத் திறந்திருக்க வேண்டாம். கழுவும் அக்காவையாவது கூட வைத்துக்கொண்டிருக்கலாம்.

பதினொரு மணிகளைப் பற்றிக் கேட்டாய். இதில் மண்டையைப் பிய்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? உன் அரைவை இயந்திரத்தின் தாடை இடுக்கில் முன்னால் அரைத்த யாரோ ஒருவருடைய கல் மிச்சம் இருந்திருக்கும். எல்லா ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் உன் மனநிலை...

முடிச்சு விஷயம். நான் நரம்பை அளந்துகொண்டிருந்தேன். பையைக் கட்டியது சமையல்காரர். அன்றைக்கு எனக்குத் தண்ணீர் கொண்டு மலைக்கு வந்தார். அவருக்கு என் முடிச்சு தெரியாது. அவ்வளவுதான்.

இங்கே மாலையில் வெளிச்சம் சாயும்போது வரிப்பாறை முழுக்க வரி வரியாகத் தெரிகிறது. லீவுக்கு இங்கே வந்திருந்தபோது நம் சில்லு அதைப் பார்த்து, "யாரோ ரூல்டு நோட்டை மடிச்சு வச்ச மாதிரி இருக்குப்பா" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பாறையை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

-----

பிப்ரவரி 20

வரைபடக்காரருக்கு,

முட்டிக்குக் களிம்பு வைத்திருக்கிறேன், பெட்டியில் மேல் தட்டில். தடவாமல் வைத்துக்கொண்டு அழகு பார்க்காதீர்கள்.

'உன் மனநிலை' என்று எழுதி மூன்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். டைரக்டரும் அதே மூன்று புள்ளியைத்தான் வைக்கிறார். நம் பெண் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த வேலையை எல்லோரும் ஒரு நோயாளியின் வேலையைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் பதில் சொல்லலாம். யாரும் சொல்வதில்லை.

உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று ஸிர்கானே இல்லாத சுத்தமான கண்ணாடித் துண்டுகளை எடுத்து, கல்லை எப்படிச் செய்வேனோ அப்படியே அரைத்து, கழுவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். ஒரு ஸிர்கான் மணிகூட இல்லை. பிறகு பதிவேட்டைப் புரட்டினேன். எட்டு கோடி வயதுக் கல் இந்த மாடிக்கு இரண்டு வருடமாக வந்ததே இல்லை. என் இயந்திரத்தில் மிச்சம் இருக்க, முதலில் யாராவது அதைக் கொண்டுவந்திருக்க வேண்டுமே.

இதையெல்லாம் டைரக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இன்னிக்கு மெஷின் சுத்தமா இருக்கறது டிசம்பர்ல சுத்தமா இருந்ததுக்குச் சாட்சி ஆகாதேம்மா" என்றார். அவர் சொல்வது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் இருபதாம் தேதி வெளியிலிருந்து மூன்று பேர் குழு வருகிறது. அந்தப் பதினொரு ஸிர்கான் மணிகளுக்கும் விளக்கம் இல்லையென்றால் கலப்பு ஆய்வுக்கூடத்தில் நடந்ததாக எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஜூனிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட எல்லா வயதும் ரத்து. லேசர் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வீட்டுக்கு என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய செருப்பு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பகலில் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இந்த வேலை ஒன்றுதான் என்னைக் காலையில் எழுப்பி, தலை வாரி, வெளியே அனுப்புகிறது.

அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு நாள் விளக்கியது நினைவிருக்கிறதா? "எங்கம்மா கல்லுக்கு பர்த்டே கண்டுபிடிக்கறவங்க. கல்லுக்குள்ள குட்டி டப்பா இருக்கும். பொறக்கறப்ப அதுல யுரேனியம் மட்டும் இருக்கும், ஈயம் இருக்கவே இருக்காது. அப்புறம் யுரேனியம் மெதுவா மெதுவா ஈயமா மாறிடும். எவ்ளோ மாறிச்சுன்னு எங்கம்மா எண்ணிடுவாங்க." டப்பாவைப் பூட்டியது யார் என்று அந்தப் பெண் கேட்டாள். "யாரும் பூட்டல. அதுவே பூட்டிக்கும்" என்றாள் இவள். குழுவின் முன்னால் நானும் இதைத்தான் சொல்லப்போகிறேன், இன்னும் கொஞ்சம் கஷ்டமான வார்த்தைகளில்.

உங்கள் கள ஆய்வு நோட்டில் மே இருபதாம் தேதிப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்புங்கள்.

-----

மார்ச் 1

நீதிபதி அம்மாவுக்கு,

களிம்பு தடவினேன். முட்டி கட்சியைக் கலைக்கவில்லை, ஆனால் கூச்சல் குறைந்திருக்கிறது.

ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அந்தப் பதினொன்றையும் விட்டுவிடு. முப்பத்தைந்து மணி போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மணி உடைந்திருந்தது, வெடிப்பு விட்டிருந்தது, கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். என் வரைபடம் அப்படியே நிற்கும், உன் நாற்காலியும் நிற்கும்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்திருக்கிறது. நகல் எடுத்தாலும் தெரியாது.

அவசரமாக எழுதுகிறேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

-----

மார்ச் 9

வரைபடக்காரருக்கு,

டிரைவர் அண்ணன் அன்றைக்கு ஒரு மணி நேரம் கேம்ப்பில் சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்துதான் கிளம்பினாராம். நான் கேட்காமலே சொன்னார்.

பதினொரு மணிகளையும் விட்டுவிடச் சொல்கிறீர்கள். பதினான்கு வருடமாக என்னோடு வேலை செய்தவர், பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர், இதை எனக்கு எழுதுகிறீர்கள். அந்த மணிகளில் வெடிப்பு இல்லை. நான் பார்த்ததிலேயே அழகான மணிகள், ஓரம் மழுங்காமல், தேன் நிறத்தில், அன்றைக்குத்தான் பிறந்தது போல இருக்கின்றன. பிடிக்காத விடையைக் குப்பையில் போடுகிறவளாக இருந்தால் எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதையும் நான் அப்படித்தான் குப்பையில் போட்டிருப்பேன்.

டாக்டர் சொன்னதை நாம் இருவரும் ஒன்றாகத்தான் கேட்டோம். மூளைக்காய்ச்சல், இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். நான் உடனே உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வைக்காக நீங்கள் கேம்ப்புக்கே போய்விட்டீர்கள், நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் இயந்திரத்தில் ஒரு வயதுக்கு முப்பது லட்சம் ஆண்டு முன்பின் போகும். அதைப் பிழை என்றுகூடச் சொல்ல மாட்டோம், நல்ல அளவு என்போம். இரண்டு நாள் எங்கள் எந்தக் கருவியிலும் தெரியாது. அந்த இரண்டு நாளைத்தான் நான் இத்தனை மாதமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதங்கள் இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, கல்லைப் பார்ப்பது போல மறுபடி பார்த்தேன். பதினேழாம் பையைச் சமையல்காரர் கட்டினார், தண்ணீர் கொண்டு மலைக்கு வந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பை எடுத்த தேதி மே இருபது. அன்றைக்கு அவளைக் கேம்ப்பில் சமையல்காரரிடம் விட்டுவிட்டுப் போனதாக ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னிடம் சொன்னீர்கள். நாள் முழுக்கப் படுத்திருந்தாள், அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னீர்கள்.

சமையல்காரர் மலையில் பை கட்டிக்கொண்டிருந்தார் என்றால், கேம்ப்பில் அவளோடு யார் இருந்தார்கள்?

-----

மார்ச் 14

நீதிபதி அம்மாவுக்கு,

கேம்ப்பில் அவளோடு யாரும் இல்லை. அவள் கேம்ப்பில் இல்லை. என்னோடு மலையில் இருந்தாள்.

இதை எழுத எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது. முதல் வரியை எழுதிவிட்டால் மீதி தானாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை, ஒவ்வொரு வரியாக இழுத்துத்தான் எழுதுகிறேன்.

மே இருபதாம் தேதி காலை சமையல்காரரிடம் விட்டுவிட்டுப் போகத்தான் கிளம்பினேன். எனக்கு முன்னால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஹெல்ப்பர் இல்லாம எப்படிப் போவீங்க?" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் கொடுத்த மருந்தில் சூடு இறங்கியிருந்தது. பேச்சுத் துணைக்கு எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. இறக்கி விட்டிருக்கலாம். இறக்கி விடவில்லை.

வழியில் ரோடு போடுகிறவர்கள் ஜல்லி குவித்திருந்தார்கள். எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்த கல். சிவப்பும் கறுப்புமாக வெயிலில் மினுங்கியது. நிறுத்தச் சொன்னாள். நேரமாகிறது என்று நான் நிறுத்தாமல் போனேன். சத்தம் போடாமல் அழுதாள், உனக்குத்தான் தெரியுமே அந்த அழுகை. ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்தேன். குவியலை ஒரு சுற்றுச் சுற்றி, எலுமிச்சை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். "இது எந்தக் காலத்துக் கல்லுன்னு எனக்குத் தெரியலையே" என்றேன். "உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

மலையில் குடையை விரித்து நிழலில் உட்கார வைத்தேன். நம்பர் சீட்டுகளை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். நரம்பு வரிப்பாறையை வெட்டுகிற இடத்தைக் காட்டி, எது மூத்தது சொல் என்று கேட்டேன். "கேக்குதான் முதல்ல, அப்புறம்தான் கத்தி" என்றாள். கெட்டிக்காரி என்றேன். பதினொரு மணிக்கு, "தலை வலிக்குதுப்பா" என்றாள். நான் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம்டா" என்றேன். அந்த அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரம். பதினேழாம் பையை அவளே கட்டினாள். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த முடிச்சு, காது இரண்டும் ஒரே அளவில் வர வேண்டும் என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். "அம்மாவுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன்" என்றாள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கையில் அளவு நாடா இருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அது தூக்கம் இல்லை என்று கேம்ப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் துணிகளைக் கொடுத்தபோது பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தேன். கல் இல்லை. வழியில் எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உன் முதல் கடிதத்தில் முடிச்சைப் பற்றிப் படித்தபோதே அது எங்கே போனதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சமையல்காரர் பெயரை எழுதினேன், உன் இயந்திரத்தின்மேல் பழி போட்டேன். சொன்னால் நீ எனக்கு இனி எழுத மாட்டாய். திட்டுவதற்காவது எழுதுகிறாயே என்று இருந்தேன். உன் நாற்காலியைவிட எனக்கு இந்தக் கடிதங்கள் பெரிதாகப் போய்விட்டன. நான் அவ்வளவு கேவலமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

இதோடு தனித்தாளில் குழுவுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நோட்டின் பக்கத்தையும் கிழித்து வைத்திருக்கிறேன். மை கலையவில்லை. 'பை கட்டியவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. குழு வருகிற இருபதாம் தேதிக்கு முன்னால் சேர்ந்துவிட வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

-----

ஏப்ரல் 2

வரைபடக்காரருக்கு,

குழு வந்து போய்விட்டது. உங்கள் தாளையும் நோட்டுப் பக்கத்தையும் பார்த்தார்கள். மூவரில் மூத்தவர் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலப்பு வெளியில்தான் நடந்தது என்று எழுதிவிட்டார்கள். சாவி என்னிடமே இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உங்களை வெறுத்தேன். பூசி மெழுகி எழுதத் தெரியவில்லை. 'அஞ்சு நிமிஷம்டா' என்பதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்தேன். மீதியை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

மே பத்தொன்பதாம் தேதி நீங்கள் போன் செய்தீர்கள். "லேசா சுடுது. நாளைக்கே கிளம்பி வந்துடட்டுமா?" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "வரிப்பாறை இல்லாம வந்துடாதீங்க. அது இல்லன்னா மத்த பதினாறும் வீண். மருந்து குடுங்க, சரியாப் போயிடும்" என்றேன். அவள் போனை வாங்கி, "அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் உங்களைத் திரும்பிப் பார்த்தேனே, நீங்கள் அப்போதே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதுவரை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. என்றைக்காவது சொல்லிவிடுவீர்கள் என்று பயந்துதான் போன் வேண்டாம் என்றேன், குரலைக் கேட்டால் வேலை ஓடாது என்று சாக்குச் சொன்னேன். நீங்கள் உங்கள் பொய்யைக் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள், நான் என்னுடையதைக் கட்டிக்கொண்டு இங்கே.

இன்னும் ஒன்று பாக்கி. டிசம்பரில் பதினேழாம் பையைக் கொட்டியபோது ஒரு துண்டு மட்டும் சிவப்பாக இருந்தது. எலுமிச்சை அளவுதான். கையில் எடுத்துப் பார்த்தேன். நரம்பிலிருந்து ஒரு சில்லைத் தவறிப் போட்டுவிட்டீர்கள், எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தப் பெட்டியைச் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. அரை நிமிடம் அது என் கையில் இருந்திருக்கும். இயந்திரத்தில் போட்டேன். எலுமிச்சை அளவு என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அது எனக்கு நினைவுக்கே வந்தது. அவள் கொடுத்ததை வாங்கி, நானே அரைத்துப் பொடியாக்கிவிட்டேன். கழுவிய நீரோடு மீதியெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது. பிசினில் புதைத்த வட்டில் இருக்கும் பதினொரு மணிகள்தான் மிச்சம். மணலைவிடச் சிறியவை. விரலில் ஒட்டினால் தெரியாது.

அவள் எனக்கு வைத்த வேலையை முடித்துவிட்டேன். போன வாரம் ஒவ்வொரு மணியிலும் இன்னொரு புள்ளி வைத்து மறுபடி அளந்தேன், யாருக்கும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. எட்டு கோடியே பத்து லட்சம் ஆண்டு, பத்து லட்சம் முன்பின். டைனோசர் இருந்த காலம். அவளிடம் சொல்லியிருந்தால், கல் டைனோசரைப் பார்த்ததா என்று முதலில் கேட்டிருப்பாள். பார்த்திருக்காது, அது பூமிக்கு அடியில் ஆழத்தில் இறுகிக்கொண்டிருந்தது, மேலே அவை நடந்திருக்கும் என்று நானும் ஆசிரியை மாதிரி பதில் சொல்லியிருப்பேன். தேதி எங்கே என்று அடுத்துக் கேட்டிருப்பாள். கல்லுக்குத் தேதி கிடைக்காது என்று முன்பும் சொல்லியிருக்கிறேன். "அப்போ கேக் எப்ப வெட்டறது? நாமளே ஒரு தேதி வச்சிடலாம்" என்பாள்.

அந்த மணிகளைப் பதினேழிலிருந்து பிரித்துப் பதிவேட்டில் தனி எண் போட்டுவிட்டேன். 17-அ. பாறை வகை எழுதினேன், வயது எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் சில்லு என்று எழுதினேன். முழுப்பெயர் எழுத வேண்டாமா என்று டைரக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன், அவரும் விட்டுவிட்டார்.

'எடுத்த இடம்' காலியாக இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அவளோடு அங்கே நின்றவர் நீங்கள்தான். வந்து நிரப்புங்கள். வீட்டுக்கு வரச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள், இரண்டாம் மாடி. மைக்ரோஸ்கோப்பில் காட்டுகிறேன்.

-----

ஏப்ரல் 10

நீதிபதி அம்மாவுக்கு,

நேற்று அந்த இடத்துக்குப் போனேன். குவியல் இல்லை. ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். ஜல்லி எல்லாம் தாருக்குக் கீழே போய்விட்டது, மேலே பஸ் ஓடுகிறது. ஓரத்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன், சிவப்புத் துண்டு ஒன்றுகூட அகப்படவில்லை. பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். போகிற வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, முட்டி வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் போன் பேச்சைப் பற்றி. நீ சொன்னாய்தான். காய்ச்சலில் இருந்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவன் நான். நீ பார்க்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை, பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை பெட்டிகளோடு நானும் வருகிறேன். உன் முன்னால் பதிவேட்டைத் திறந்தால் என் கை எழுதுமா என்று தெரியவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். எழுத முடியாமல் போனால் நீ பார்த்து எழுதிக்கொள்.

17-அ. எடுத்த இடம்: கேம்ப்பிலிருந்து மலைக்குப் போகும் ரோடு, மூன்றாவது பாலத்துக்கு இந்தப் பக்கம், இடது ஓரம். எடுத்த தேதி: மே 20, காலை எட்டரை மணி இருக்கும். குறிப்பு: அப்பா முதலில் நிறுத்தாமல் போய், பிறகு திரும்பி வந்து நிறுத்திய இடம்.